தொப்பிக்குள் ஐந்து தோல்கள்

3 பெப்ரவரி 2024
றமீஸின் மோட்டார் சைக்கிள் வந்து சேர்ந்தது. பக்கத்து வயல்காரர் மஜீட் ஹாஜியார் இறக்காமத்திலிருந்து ஓட்டிவந்து, கதவுக்கு வெளியே நின்றே ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். கணவனை இழந்து இத்தாவில் இருக்கிறவள் நான், வெளியே போகவில்லை. இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இந்த வீட்டுக்குள்தான்.

வயலில் யானை அடித்து அவர் மௌத்தாகி இன்றைக்குப் பதினைந்தாம் நாள். சைக்கிளில் ஒரு கீறல்கூட இல்லை.

சீட்டுக்குக் கீழே காய்ந்த நுரைபோல ஒரு கட்டி ஒட்டியிருந்தது. கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு. உயிரியல் படிப்பிக்கிறவளுக்குத் தெரியாதா? மாமி, றமீஸின் உம்மா, அதைத் தடவிப் பார்த்தா. பிறகு மெல்லக் கழற்றி அவருடைய அறை ஜன்னலில் கொண்டுபோய் வைத்தா.

19 பெப்ரவரி
பொரித்துவிட்டது. எறும்பு அளவில் நூறுக்கு மேல், நூலில் தொங்கித் தொங்கி இறங்கின. திரைச்சீலையே அசைவதுபோல் இருந்தது.

"வயலிலிரிந்து வந்திரிக்கான்" என்றா மாமி. ஆர் என்று நான் கேட்கவில்லை.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. சூடான நாடுகளில் எல்லாம் இருக்கிற பூச்சி. இறக்காமத்து வயலிலும் இருக்கும், நாங்கள் இருக்கிற சாய்ந்தமருதுக் கடற்கரைப் பற்றையிலும் இருக்கும். எனக்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன்.

24 பெப்ரவரி
ஒன்றை ஒன்று தின்கின்றன. பதினொன்று மிச்சம்.

2 மார்ச்
ஒன்றுதான் மிச்சம். மாமி கனிந்த வாழைப்பழம் வைத்து அதற்கு ஈ பிடிக்கிறா. ஜன்னலைத் திறக்க விடுவதில்லை.

28 மார்ச்
தோல் கழற்றியிருக்கிறது. கால் முள் வரைக்கும் முழு உருவம், உள்ளே ஒன்றுமில்லாமல் திரைச்சீலையில் தொங்கியது. மாமி அதை எடுத்து றமீஸின் தொழுகைத் தொப்பிக்குள் வைத்தா. அங்கே ஏற்கெனவே இரண்டு இருந்தன.

14 ஏப்ரல்
அதன் கண்ணில் ஒரு கரும்புள்ளி. நான் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் வருகிறது. அது பார்வை இல்லை, கண்ணின் அமைப்பு அப்படி. ஒவ்வொரு வருசமும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பொழுது சாய்ந்து மஃரிபுக்குக் கண் முழுக்கக் கறுத்துவிடும். அதுவும் இயல்புதான். பிறகு ஏன் அந்த அறையில் உடுப்பு மாற்ற எனக்கு ஏலாமல் இருக்கு?

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் மாமி உள்ளே கதைத்துக்கொண்டிருந்தா. ஒரு கேள்வி. அமைதி. பிறகு, "ஓம்... ஓம் மகன்."

15 ஏப்ரல்
இண்டைக்கு நானும் அதுக்கு ஸலாம் சொல்லிட்டன்.

10 மே
ஐந்தாவது தோலும் தொப்பிக்குள் போய்விட்டது. இறக்கை வந்துவிட்டது, இனித் தோல் கழற்றாது.

வயிற்றின் அடியில் கணுக்களை எண்ணினேன். ஆண் என்றால் எட்டு. ஆறுதான் இருந்தது. மறுபடி எண்ணினேன். ஆறு. பெண்.

மாமியிடம் சொல்லவில்லை.

றமீஸின் தம்பி ஸஜாத் கட்டாரிலிருந்து கோல் எடுத்தான். "மதினி, உம்மா றமீஸ் காக்காவப் பத்திக் கதைக்காவா?"

"காக்காவோடதான் கதைக்கா" என்றேன்.

22 மே
மஃரிபுக்கு லைட் போட்டதும் கதவுக்கு மேலுள்ள காற்றுத் துவாரத்தால் இன்னொன்று பறந்து வந்தது. மெலிந்த உடம்பு, நீளமான உணர்கொம்பு. ஆண். எங்கள் கண்முன்னேயே மாமி வளர்த்ததன் முதுகில் ஏறியது. இது திரும்பி அதைப் பிடித்து, தலையிலிருந்து தின்னத் தொடங்கியது. தலை போன பிறகும் ஆணின் கால்கள் பிடியை விடவில்லை.

மாமி என் கையில் நகம் பதியப் பிடித்தா. "என்ன புள்ள செய்றான் இவன்?"

இனி ஏலாது. "மாமி, இது ஆண் இல்ல. பொண்டு. அவர் இல்ல, மாமி."

"அப்ப என்ட மகன் வரவே இல்லியா?"

"இல்ல."

"நீயும் ஸலாம் சொன்னியே புள்ள. எனக்குக் கேட்டிச்சி."

"சொன்னன் மாமி. எனக்கும் ஆசையா இருந்திச்சி."

மாமி நிலத்தில் குந்தி அழுதா. மகனின் மையித்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றும் அழாதவ.

27 மே
இத்தா முடிந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டேன். பூச்சி நகரவில்லை, தலையை மட்டும் என் பக்கம் திருப்பியது. ளுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன். இடம் வெறுமையாக இருந்தது.

4 ஜூன்
பள்ளிக்கூடத்தால் வரும்போது மாமி முற்றத்தில் நின்று ஸஜாதோடு ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தா. "றமீஸ் மௌத்தாகித்தான் மகன். நீ அங்க கவனமா இரி."

அந்தச் சொல் இதுவரை அவட வாயில் வந்ததில்லை. நான் சத்தம் போடாமல் குசினிக்குப் போய் இரண்டு பேருக்கும் சோறு போட்டேன்.