மஞ்சளை நம்பிய வலது கண்

திருவண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கவிநிலாவுக்கு அப்பா எழுதுவது. என் வலது கண்ணைத் தவிர இங்கு எல்லோரும் சுகம், கனடாவில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து திட்டுவாய், கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

சர்க்கரையால் கெட்டுப்போகும் விழித்திரைக்கு, மஞ்சளில் இருந்து எடுத்த பொருளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறோம் என்று தை மாதம் சொன்னாய் அல்லவா, எஸ்.எஸ்.எல்.சி. தாண்டாத என் மூளை எலிகளை மட்டும் கழற்றிவிட்டு மீதியை வாங்கிக்கொண்டது. நீ அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரையைப் பிரதி எடுத்து லேமினேஷன் போட்டு நம் ஜெராக்ஸ் கடையில் மாட்டினேன். எனக்கு ஒரு வரிகூடப் புரியாது, ஆனால் உன் பெயர் இருந்தது. செங்கம் ரோட்டில் ரூம் எடுத்திருக்கும் வெள்ளைக்காரர்கள் அதைப் படித்துவிட்டு என்னைக் கும்பிட்டார்கள், நானும் கையைத் தூக்கி ஆசி வழங்கினேன். அதற்கப்புறம் எந்த முகத்தோடு கண் ஆஸ்பத்திரி வரிசையில் போய் நிற்பது? என் சர்க்கரைக்காகப் பார்க்கவேண்டிய ஆறு மாதக் கண் சோதனைக்குப் போகாமல் தினம் இரண்டு ஸ்பூன் மஞ்சள்தூளை விழுங்கினேன். கொழம்புக்குக் கூட மிச்சம் வைக்காம துன்றீங்களே, உங்களையே தாளிச்சிக் கொட்டிடவானு உன் அம்மா கேட்டாள்.

போன பௌர்ணமிக்குச் சாயங்காலமே கிரிவலம் கிளம்பி, அடி அண்ணாமலையில் புகழேந்தி கடையில் டீ வாங்கினேன். டம்ளரில் கறுப்பாய் நூல் நூலாய் மிதந்தது. முடி கிடக்குதுனு நாலு பேர் முன்னால் கத்தினேன். வேறு டீ கொடுத்தான், அதிலும் முடி. மூன்றாவதிலும் முடி. அண்ணே, டீ சுத்தமாத்தான் கீது, ஒரு கண்ண மூடிப் பாருங்கனு சொன்னான். வலது கண்ணை மூடினேன், முடி போய்விட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, உடனே லேசர் வைக்கணும் என்றார் டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும். உன் ஆராய்ச்சியைப் பெருமையாக எடுத்துவிட்டேன். நல்ல ஆராய்ச்சிதாங்க, மருந்தா வந்தா நாங்களே எழுதித் தருவோம், அதுக்குள்ள எலிக்கு முன்னாடி நீங்க ஏன் போய் நிக்கிறீங்கனு கேட்டார். வெளியே பெஞ்சில், கண்ணில் சொட்டு மருந்தோடு நம் கீழ்பென்னாத்தூர் ஆதிமூலம் மாமா! வாராவாரம் நான் மஞ்சள் பாடம் நடத்தியது அவருக்குத்தான். குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்து, யோவ் பரசு, நீ சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிட்டு நான் பாட்டுக்கு இங்க வந்துட்டுதான்யா இருக்கேன், உன்ன நம்பி கண்ண வுடுவனானு சிரித்தார். அவமானம்தான், ஆனால் அவர் கண்ணாவது தப்பியதே என்று எனக்கு உயிர் வந்தது.

ஒரு தடவை லேசர் ஆகிவிட்டது, வியாழக்கிழமை மறுபடி. போன பார்வை முழுசாய் வருமா என்று தெரியாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சித்திரையிலிருந்தே மங்கல்தான், இடது கண்ணும் சேர்த்து. வீடியோவில் நீ இளைத்துவிட்டாய் என்றேனே, அது உன் அம்மா சொல்லி நான் சொன்னது, எனக்கு உன் முகம் வெறும் வெளிச்சமாகத்தான் தெரிந்தது. அடுத்த முறை கேமராவுக்குக் கிட்டே வந்து உட்கார், நானாகவே ஏதாவது குறை கண்டுபிடிக்கிறேன்.

என் உடம்பு வாகு உனக்கும் இருக்கும், வருஷம் ஒருமுறை சுகர் பார்த்துக்கொள். எனக்காக ஆராய்ச்சியை அவசரப்படுத்தாதே. அண்ணாமலையார் உன் கூடவே இருப்பார்.

வியாழக்கிழமை வரிசையில் முதல் ஆளாய் நிற்கப்போகும்
உன் அப்பா,
பரசுராமன்