வெள்ளை மூக்கு வௌவாலும் நம் நெற்களஞ்சியமும்

வட்டக்கச்சி

அன்புள்ள மகள் அனோஜாவுக்கு,

முருகன் துணையில் நானும் அப்பாவும் சுகம், கனடாக் குளிரில் நீயும் சுகமாக இருந்து நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்பதே எங்கள் மன்றாட்டம். இதைத் தொலைபேசியில் சொன்னால் இடையில் அழத் தொடங்கிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுவதையும் வாசி.

பிழை என்னுடையது. மூக்கில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துக் குகையில் தொங்கும் வௌவாலின் படத்தை நீ அனுப்பினாய் அல்லவா, மகள் ஆராய்ச்சி செய்கிறாள் என்ற பெருமையில் காலபோக நெல் விதைப்புக் கூட்டத்தில் அதை எல்லோருக்கும் காட்டினேன். நமது பழைய நெற்களஞ்சியத்தின் கூரை முழுக்க வௌவால் என்பது ஊருக்கே தெரியும். கமக்காரர் அமைப்புத் தலைவர் நடராசா அண்ணை உடனே எழும்பி, உந்த வருத்தம் எங்கட பிள்ளையளுக்குத் தொத்தினா ஆர் பொறுப்பு, வெள்ளிக்கிழமை ஓலை கொளுத்திப் புகை போட்டுக் கலைப்பம் என்றார்.

நான் விடுவேனா. கோழிக்குஞ்சுக் கூட்டில் கிடந்த வெப்பமானியைக் கழற்றிக் களஞ்சியக் கூரையில் கட்டித் தொங்கவிட்டேன். விடியற்காலையில் இருபத்தாறு, மத்தியானம் முப்பத்துநாலு. வெள்ளிக்கிழமை ஓலைக்கட்டோடு வந்தவர்களுக்கு அதைக் காட்டி, நீ சொல்லித் தந்ததை அப்படியே சொன்னேன். அந்தப் பூஞ்சணத்துக்குக் குளிரும் ஈரமும் வேண்டும், இருபது பாகைக்கு மேல் வளராது. அங்கே வௌவால்கள் மாதக்கணக்கில் உடம்பு குளிர்ந்து தூங்கும்போதுதான் அது பிடிக்கிறது, பிறகு அவை அடிக்கடி விழித்து, சேர்த்த கொழுப்பெல்லாம் கரைந்து பட்டினியில் சாகின்றன. நமது வௌவால்களுக்கு அப்படி ஒரு தூக்கம் ஏது, பொழுதுபட்டதும் வயலுக்குப் போய்ப் பூச்சி தின்கின்றன. மனிதருக்கும் அது தொற்றாது. நடராசா அண்ணை வெப்பமானியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி தங்கச்சி, ஒண்டு செத்து விழுந்தாலும் நீதான் பதில் சொல்லோணும் என்றார். ஓம் என்றேன். ஓலையைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள்.

உன் குகையில் நாலாயிரம் இருந்த இடத்தில் போன குளிர்காலம் அறுபதுதான் மிஞ்சியது என்று நீ அழுதது இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது, பிள்ளை. அது உன் குற்றம் இல்லை. இங்கே முந்நூறுக்கு மேல் உயிரோடு இருக்கின்றன, சித்திரையில் வந்து எண்ணிப் பார்.

நோய் நொடியில்லாமல் நீ நெடுநாள் வாழ அப்பாவினதும் என்னுடையதும் ஆசி. ஒன்றை மட்டும் மறக்காதே, குகைக்குப் போட்டுப் போகும் சப்பாத்தை அங்கேயே விட்டுவிட்டு வா, அதில் பூஞ்சணம் ஒட்டியிருக்கும். இங்கே அது வளராது என்று ஊருக்கு அடித்துச் சொன்னவள் நான்தான், இருந்தாலும் விடிந்ததும் முதல் வேலையாகக் களஞ்சியத்துத் தரையைத்தான் போய்ப் பார்க்கிறேன்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
கமலேஸ்வரி