ஓட்டை இல்லாத கத்தரிக்காய்

ஆவணி 20, வெள்ளிக்கிழமை

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. காலையில் தூத்துக்குடி ஆர்கானிக் கடைக்கு எங்கள் தோட்டத்துக் கத்தரிக்காயைக் கூடையோடு கொண்டுபோனேன். கடை அண்ணாச்சி ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு ஓட்டைகூட இல்லையே தங்கச்சி. மருந்தடிச்ச காய் மாதிரில்லா இருக்கு."

மருந்தே அடிப்பதில்லை என்றேன். புழு விழுந்த கொழுந்தை விடிந்ததும் செடி செடியாகக் கிள்ளிப் போடுவதையும், வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளிப்பதையும் சொன்னேன். முள் குத்தின விரல்களைக்கூடக் காட்டினேன்.

"நான் நம்புதேன். வாங்குதவங்க நம்பணும்லா? புழு தின்னாத்தான் மருந்தில்லாத காய்னு சொல்லுதாங்க. ஓட்ட விழுந்தது இருந்தா கொண்டாம்மா, எடுத்துக்கிடுதேன்."

கடையில் வைத்திருந்த காயெல்லாம் சொத்தை. எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் அப்போதுதான் இறக்கிவிட்டுப் போயிருந்தார். வாரம் தவறாமல் மருந்தடிக்கிறவர் அவர். அடித்தும் புழு சாகவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பேர் ஆர்கானிக். அதைச் சொன்னேன். அண்ணாச்சி காதில் விழாதது மாதிரி தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனேன். அங்கே வியாபாரி ஒன்றுமே கேட்கவில்லை. மருந்தடித்த காய்க் குவியலிலேயே என் காயையும் கொட்டிக்கொண்டார்.

புழு பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த காய். எந்த வீட்டிலோ ஒருத்தி, மருந்து போகட்டும் என்று அதை இந்நேரம் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருப்பாள்.