ஹலோவீனுக்குப் போகலாமா, அம்மா?

எதையும் உங்களைக் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்று பழக்கிவிட்டு, கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்ட என் அம்மாவுக்கு,

நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கைத் தங்கச்சி சுதா ஒரு குறையும் இல்லாமல் செய்வித்துவிட்டாள். செத்தவீட்டை நான் லா சப்பலில் என் அறைக் கட்டிலில் இருந்தபடி போனில் பார்த்தேன். உங்களைத் தூக்குகிற நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது முற்றத்தில் ஆட்கள் எழுந்துபோன வெறும் கதிரைகள்தான் இருந்தன.

ஏன் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியும். 2009இல் இந்தப் பிரெஞ்சு நாட்டுக்கு வந்து அகதியாகப் பதிந்தபோது தந்த பயணப் பத்திரத்தில், எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகக்கூடாது என்று எழுதியிருக்கிறது. ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. நான் அழவில்லை அம்மா. போனைப் பார்த்து எப்படி அழுவது? யாரைக் கட்டிப்பிடிப்பது? அடுத்த நாள் காலையில் வழக்கம்போல ஹோட்டல் வேலைக்குப் போய்ப் பதினான்கு அறைகளுக்கும் விரிப்பு மாற்றினேன். அங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை. மூத்த மகள் அழாமல் இருந்தால் அதற்கு என்ன பெயர்?

அது கிடக்கட்டும். இப்போது ஒரு தீர்ப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன். இழவு வீட்டுக்காரர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் உங்களிடம்தானே கேட்கும்? ‘பொங்கக்கூடாது, அயல்வீட்டார் தந்தால் சாப்பிடலாம்’ என்று நீதிபதி மாதிரிச் சொல்லுவீர்கள். தீபாவளி விசயத்தில் எனக்குக் குழப்பம் இல்லை. கொண்டாடவில்லை. வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் வரும் வரைக்கும் ஒன்றும் இல்லை என்று இருந்துவிட்டேன். குழப்பம் ஹலோவீனில்தான் வந்தது.

ஒக்டோபர் கடைசி நாள் இங்கே பேய் வேடம் போட்டுக் கூத்தடிப்பார்கள். நல்ல பூசணிக்காயைக் குடைந்து கண்ணும் பல்லும் வெட்டி உள்ளே மெழுகுதிரி கொளுத்துவார்கள். கறிக்கு உதவாமல் போச்சே என்று உங்களுக்கு வயிறு எரியும். ஹோட்டல் வரவேற்பில் இருக்கிற செலின் எங்கள் எல்லோரையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். என்னோடு அறை துப்புரவாக்குகிற மாலி நாட்டு மரியாமும் விடவில்லை. உங்களுக்காகத் துக்கம் காக்கும்போது பேய்களின் திருவிழாவுக்குப் போகலாமா? இதைக் கேட்கிறதற்கு ஆள் நீங்கள் ஒருவர்தான். போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன் அம்மா. உங்கள் இலக்கம் இன்னும் அதில் இருக்கிறது.

கடைசியில் ரூ பெர்தொனேயில் சேலைக்கடை வைத்திருக்கும் கமலாக்காவிடம் போனேன். அவர் சேலையை மடித்துக்கொண்டே விசாரணை நடத்தினார்.

“கோயில் சம்பந்தமான விசயமோ பிள்ளை?”

“இல்லையக்கா. பேய் சம்பந்தம்.”

“அப்ப எங்கடை கணக்கிலை வராது. வேசம் போட்டு ஆடினாத்தான் கொண்டாட்டம். போடாமல் போய் ஒரு மூலையிலை குந்தியிருந்திட்டு வந்தா அது சும்மா ஆக்களைப் பாக்கப் போறது. ஓம், போயிட்டு வா.”

உங்கள் தீர்ப்பும் இப்படித்தான் இருந்திருக்குமா? எனக்குச் சந்தேகம். என்றாலும் எனக்குப் போக ஆசையாகவும் இருந்தது, அதை ஒளிப்பானேன். நேற்றுப் பின்னேரம் வேலைக்குப் போடுகிற கறுப்புக் கோட்டோடு கிளம்பினேன். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பது நீங்கள் சொன்னதுதானே? ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் ஒரு பூக்கடை வாசலில் செவ்வந்திச் சாடிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். இந்த வாரம் எந்தக் கடையைப் பார்த்தாலும் செவ்வந்தி. நாங்கள் சாமிக்கு வைக்கிற பூ, இவர்களுக்கும் பண்டிகைப் பூப்போல இருக்கிறது என்று சந்தோசப்பட்டு, நல்ல மஞ்சளாக ஒரு சாடி வாங்கிக்கொண்டேன்.

செலின் இரத்தக்காட்டேரி வேடத்தில் கதவைத் திறந்தாள். பூவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே இருந்தவர்களும் ஓடிவந்து பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள். இந்த நாட்டில் செவ்வந்தியை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்களாம். அது கல்லறைக்கு வைக்கிற பூ. நவம்பர் தொடக்கத்தில் தங்கள் செத்தவர்களுக்கு வைப்பதற்காகத்தான் கடைகளில் அப்படிக் குவித்திருக்கிறார்கள். இத்தனை வருசம் இருந்தும் எனக்கு அது தெரியாது. கறுப்புக் கோட்டும் கல்லறைப் பூவுமாக நான் நின்றதைப் பார்த்து, மயானத்துக்குப் போகிற துக்கக்காரியின் வேடம் என்று நினைத்துவிட்டார்கள்.

எனக்கு முதற்பரிசு தந்தார்கள் அம்மா. ஒரு பெட்டி சொக்லேட். வேடமே போடக்கூடாது என்று போனவளுக்கு வேடத்துக்குப் பரிசு. நானும் சிரித்தேன். பொய் சொல்லவில்லை, வாய்விட்டுச் சிரித்தேன். நீங்கள் போன பிறகு அதுதான் முதற்சிரிப்பு.

“இந்த யோசனை உனக்கு எப்படி வந்தது? யார் செத்தது?” என்று செலின் கேட்டாள்.

“என் அம்மா,” என்றேன்.

எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அதையும் நடிப்பு என்று நினைத்தார்கள். நானும் அவர்களோடு சிரித்துக்கொண்டுதான் நின்றேன். எப்போது அது மாறியது என்று எனக்குத் தெரியாது. முகத்தில் எலும்புக்கூடு வரைந்திருந்த மரியாம்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். “வசந்தி, உண்மையாகவா?” என்று கேட்டாள். பாட்டை நிறுத்திவிட்டார்கள். அவள் வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அதோடு நான் உடைந்துபோனேன். செத்தவீட்டில் பெண்கள் கழுத்தைக் கட்டி அழுகிற மாதிரியே, கூச்சம் இல்லாமல் சத்தம் வைத்து அழுதேன். செலினும் ஓடிவந்து மற்றப் பக்கத்தால் கட்டிக்கொண்டாள். ஒரு எலும்புக்கூடும் ஒரு இரத்தக்காட்டேரியும் உங்களுக்காக அழுதார்கள். மை கரைந்து என் கோட்டெல்லாம் வெள்ளையும் சிவப்பும்.

பிறகு தேத்தண்ணி வைத்துத் தந்தார்கள். நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று கேட்டார்கள். உங்கள் தீர்ப்புகளை எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். பொங்கல் தீர்ப்புக்கு மரியாம் சிரித்தாள், தன் தாயும் அப்படித்தானாம். நான் அழுதுகொண்டே அந்தச் சொக்லேட்டையும் தின்றேன். நான் போனது கொண்டாட்டமா, செத்தவீடா? திரும்பி வந்து தலையில் தண்ணீர் வார்த்துத் தோய்ந்தேன். செத்தவீட்டுக்குப் போனால் தோயத்தானே வேண்டும்? ஆனால் கொண்டாட்டம் என்றால் நான் செய்தது பிழை. எதை நினைத்துத் தோய்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

இன்று காலை சுதா எனக்குப் போன் எடுத்தாள். குரல் ஒருமாதிரி இருந்தது.

“அக்கா, அம்மா இருந்தா அவவைத்தான் கேட்டிருப்பன். வாற சனிக்கிழமை பிள்ளையின்ரை முதலாவது பிறந்தநாள். சின்னக் கேக் ஒண்டு வெட்டலாமோ? மாமியாக்கள் கூடாது எண்டினம். ஆரைக் கேக்கிறதெண்டே தெரியேல்லை.”

எனக்கும் தெரியவில்லை அம்மா. நான் நேற்றுச் செய்ததே சரியா பிழையா என்று தெரியாமல் இருக்கிறவள். ஆனால் அவள் அங்கே என் பதிலுக்குக் காத்திருந்தாள்.

“வெட்டு,” என்றேன். “அம்மா சொன்னவ.”

“எப்ப சொன்னவ?”

“முந்தி ஒருக்கா என்னட்டைச் சொன்னவ. குழந்தைப்பிள்ளையின்ரை காரியத்துக்கு ஒண்டும் பாக்கத் தேவையில்லை எண்டு.”

“அம்மா சொன்னவ எண்டாச் சரியக்கா,” என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. ஆனால் அது ஆறுதலான அழுகை.

நீங்கள் அப்படி ஒருபோதும் சொன்னதில்லை. சொல்லியிருப்பீர்களா? அதுவும் தெரியாது. இனி அவள் என்னைத்தான் கேட்பாள். ஒரு வாக்குத் தருகிறேன்: அவள் எதைக் கேட்டாலும் முதலில் மனதுக்குள் உங்களைக் கேட்பேன், கொஞ்சம் பொறுத்திருப்பேன், பிறகுதான் உங்கள் பெயரில் பதில் சொல்லுவேன். பிழையாகிப்போனால் பழி என்னோடு, அவளைக் கோபிக்க வேண்டாம். இந்தத் தீர்ப்பு உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் எப்படியாவது கெதியாகத் தெரியப்படுத்துங்கள் அம்மா. சனிக்கிழமை கேக் வெட்டப்போகிறார்கள்.

உங்கள் பெயரில் பொய் சொல்லத் தொடங்கிவிட்ட மூத்த மகள்,
வசந்தி