டெல்ஃபின் மடுவில் விட்ட மீன்கள்

ஃபண்டி விரிகுடாக் கரை,
நவம்பர் 9

அன்புள்ள கில்பர்ட்டுக்கு,

நானும் பிள்ளைகளும் சுகம். குளிருக்கு வேண்டிய விறகு பிளந்து அடுக்கியாகிவிட்டது. பின்கதவு இன்னும் சரியாகச் சாத்த வரவில்லை, அதை நீங்கள் வந்துதான் சரிசெய்ய வேண்டும். ஆல்பர்ட்டாவில் இப்போதே உறைபனி என்று செய்தியில் சொன்னார்கள். சுரங்கத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு வேலை செய்கிற உங்கள் பழக்கத்தை நினைத்தால் எனக்கு இங்கே விரல் வலிக்கிறது.

இனி எழுதப்போவது உங்கள் தங்கை டெல்ஃபினைப் பற்றி. படிக்காமல் மடித்து வைத்துவிடாதீர்கள். நாத்தனாரைப் புகழ்ந்து எழுத எந்த அண்ணிக்கும் சுலபத்தில் கை வராது. எனக்கே வருகிறதென்றால் விஷயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றில் மிஞ்சியிருந்த சால்மன் மீன்குஞ்சுகளை அவள் பிடித்துச் சென்ற அந்த வருடம் ஊர்க்கூட்டத்தில் நீங்கள் கேட்டது எனக்கு மறக்கவில்லை. "கடைசிப் பிள்ளைங்களையும் நீயே தூக்கிட்டுப் போறியா?" என்றீர்கள். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு வந்தால்கூட அவள் வீட்டைத் தாண்டித்தான் போகிறீர்கள்.

கடலுக்குப் போன சால்மன் ஒன்றும் திரும்பி வராததால்தான் அவள் அப்படிச் செய்தாள். முதலில் அவளும் மீன்துறை ஆட்களும் தொட்டியில் முட்டை பொரிக்க வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். அவை கோழிக்குஞ்சு மாதிரி ஆகிவிட்டன. நிழல் விழுந்தால் ஓடி ஒளிய வேண்டிய குஞ்சு, தீனி வருகிறதென்று மேலே வந்து வாயைத் திறந்தது. அதனால் வழியை மாற்றினாள். குஞ்சுகள் ஆற்றிலேயே வளரட்டும். கடலுக்குக் கிளம்பும்போது மட்டும் பிடித்து, விரிகுடாவில் வலைக்கூண்டு கட்டி அதில் பெரிதாக்குவோம். பருவம் வந்ததும் ஆற்றில் கொண்டுவந்து விட்டால் அவையே முட்டையிடும் என்றாள். இந்த வருடம் கூண்டில் இருந்தவை நம் கை நீளத்துக்கு வளர்ந்து நின்றன.

ஆனால் ஆற்றில் தண்ணீர் இல்லை. கோடை முழுக்க மழை பொய்த்து, அக்டோபரிலும் கீழாறு சரளைக்கல் மேல் நூலாக ஓடிக்கொண்டிருந்தது. மீன்களுக்கோ சினை முற்றிவிட்டது. மீன்துறை ஆட்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள், இந்த ஒரு வருடம் வயிற்றைப் பிதுக்கி முட்டை எடுத்துத் தொட்டியிலேயே பொரிக்க வைத்துவிடலாம் என்று. டெல்ஃபின் கொஞ்சத்தை மட்டும் அப்படிச் செய்யச் சம்மதித்தாள். மற்றதையெல்லாம் மேலே ஊற்று மடுவுக்குத் தூக்கிக்கொண்டு போவோம் என்றாள். அங்கேதான் அடியிலிருந்து குளிர்ந்த நீர் வந்துகொண்டே இருக்கிறதே. ஆனால் லாரி நிற்கிற இடத்துக்கு மேலே பாறைதான், உங்களுக்குத் தெரியும். வழியில் மீன்கள் செத்தால் இத்தனை வருட உழைப்பும் போச்சு.

ஊரையே கேலி செய்கிற அல்ஃபோன்ஸ் சும்மா இருப்பானா? "மீனைத் தூக்கிட்டு மலை ஏறப்போறியா டெல்ஃபின்? அப்படியே ஞானஸ்நானமும் குடுத்துடு" என்றான். மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து நின்றதும் அவன்தான்.

ஊரில் கால் உள்ளவர்கள் எல்லோரும் வந்தார்கள். தார்ப்பாயில் நீளப் பை தைத்து, தண்ணீர் ஊற்றி, ஒரு பைக்கு ஒரு மீன், இரண்டு பேர். டெல்ஃபின் ஒவ்வொரு பையாகப் பார்த்து, இது இந்த மடு, அது அதற்கு மேல் மடு என்று பிரித்து அனுப்பினாள். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் ஒரே மடுவில் ஜோடி சேர்ந்துவிடக் கூடாதாம். சம்பந்தம் பேசுகிறவர்கள்கூட இத்தனை நுணுக்கம் பார்த்து நான் கண்டதில்லை.

வழுக்குப்பாறையில் அல்ஃபோன்ஸ் சறுக்கி விழுந்தான். பை கிழிந்து நல்ல சினைமீன் ஒன்று கல்லில் விழுந்து துள்ளியது. டெல்ஃபின் அதை வாரி எடுத்துக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கினாள். இரண்டு கையாலும் ஏந்தி, அதன் முகத்தை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்தபடி நின்றாள். மீன் செத்தது போலக் கிடந்தது. போதும், மேலே வா என்று நாங்கள் மாறி மாறிக் கூப்பிட்டோம். அவள் உதடு நீலமாகிவிட்டது. செவுள் மெல்ல ஆடுவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து அந்த மீன் வாலை ஒரு வீசு வீசி அவள் கையிலிருந்து போயிற்று.

அல்ஃபோன்ஸ் பக்கம் திரும்பி, "முட்டி அடிபட்டிருக்கா பாரு" என்றாள். அவ்வளவுதான். ஒரு கடுஞ்சொல் இல்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் கம்பளியைப் போர்த்திவிட்டபோது பல் கிடுகிடுக்க என் காதில் சொன்னாள்: "அண்ணன் இருந்தா அந்தப் பாறையைச் சுத்திக் கூட்டிட்டுப் போயிருப்பான், அண்ணி. எனக்கு அந்த வழி தெரியல."

போன வாரம் என்னை மேலே அழைத்துப் போனாள். பாசி பிடித்த கற்களுக்கு நடுவே அங்கங்கே கழுவி வைத்தாற்போல் வெளுப்பு. பெண்மீன்கள் வாலால் அடித்துத் தோண்டிய முட்டைக்குழிகள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, கில்பர்ட். கூண்டில் வளர்ந்த மீன்கள் தாமாகவே தோண்டி, முட்டையிட்டு, சரளையைத் தள்ளி மூடியிருக்கின்றன. உங்கள் தங்கை அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். நான்தான் அழுதேன்.

இனி எல்லாம் பனிக்கட்டிக்கு அடியில். வசந்தத்தில் குஞ்சு வெளிவரும். அதைப் பார்க்க மேல் மடுக்களுக்குப் படகில் போக வேண்டும். ஆறு தெரிந்தவர் ஒருவர் கழி ஊன்றிப் படகு தள்ள வேண்டும். அல்ஃபோன்ஸ் நான் வருகிறேன் என்றான். அவன் மகனும் கேட்டான். எல்லோரிடமும் "பாக்கலாம்" என்கிறாள். யாருக்கும் சரி என்று சொல்லவில்லை.

பனி உடைவதற்கு முன்பே விடுப்புக்குச் சொல்லி வையுங்கள். புனித அன்னம்மாள் உங்களைக் குளிரிலிருந்தும் இயந்திரங்களிலிருந்தும் காப்பாளாக. டெல்ஃபினின் தொலைபேசி எண் பழையதேதான்.

என்றும் உங்கள்,
ரோசன்னா