கன்னத்தில் நாலு விரல்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் அவ்வளவு சத்தமாகக் கத்தியிருக்க முடியாது.

வீடியோவில் பாப்பாவின் கன்னத்தைப் பார்த்ததும், “பச்சப்புள்ளைய கை நீட்டி அடிச்சியாடி?” என்று கேட்டீர்கள். நான் வாய் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டீர்கள். மறுநாள் உங்கள் அம்மா கூப்பிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வருவதாகச் சொன்னார்.

அடித்த தடம் சிவக்கும். இது பழுப்பு. உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வெயிலில் நிற்காமலே மேனி பழுப்பாக வேண்டும் என்று வருகிற வெள்ளைக்காரர்கள்மேல் மருந்து தெளிப்பதுதானே என் வேலை? அன்று பாதி வேலையில், கடையின் பின் அறையில் தூங்கிய பாப்பா வீறிட்டாள். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். அது கிழிந்திருந்தது தெரியாது. நிறமே இல்லாத மருந்து. விரலில் இருந்த ஈரத்தை வியர்வை என்று நினைத்தேன். கன்னத்தைத் தாங்கிப் பால் கொடுத்தேன். பூசினால் உடனே தெரியாது, மெல்லத்தான் நிறம் ஏறும். சாயங்காலம் பார்த்தால் என் விரல்கள் அவள் முகத்தில்.

டாக்டரிடம் ஓடினேன். தோலில் பட்டதற்குப் பயமில்லை, தானே உதிர்ந்துவிடும், வாயிலும் கண்ணிலும் மூக்கிலும்தான் போகக் கூடாது என்றார். தினமும் மூச்சில் போனால் என்று கேட்டேன். “அதுக்கு உறுதியா பதில் சொல்ல முடியலம்மா. நீங்க மாஸ்க் போடறதில்லையா?” என்றார்.

வருகிறவர்களுக்கு மூக்குக்கு அடைப்பான், கண்ணுக்கு மூடி, உதட்டுக்குக் களிம்பு எல்லாம் உண்டு. அவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறவர்கள். நாள் முழுக்க அந்த மருந்துப் புகைக்குள் நிற்கிற எனக்குக் கையுறை மட்டும். முதலாளியம்மாவிடம் மாஸ்க் கேட்டதற்கு, “நீயே மூக்க மூடிக்கிட்டா வர்றவங்க பயந்துர மாட்டாங்க?” என்றார்.

இருமல் வருகிறது என்று உங்களிடமும்தான் சொன்னேன். “அந்த மருந்து சர்க்கரை மாதிரி ஒண்ணுதானாமே! நீ என்ன அதக் குடிக்கவா போற?” என்று சிரித்தீர்கள். படித்தவள்தானே நானும்? சேர்ந்து சிரித்தேன். பாப்பா பின் அறையில் அதே காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தாள்.

வேலையை விட்டுவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை.

உங்கள் அம்மா வரட்டும், பேத்தியை ஆசை தீரக் கொஞ்சட்டும். தூக்கிக்கொண்டு போக மட்டும் வர வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கன்னத்தில் இப்போது சுண்டுவிரல் தடம் மட்டும்தான் மிச்சம். அவர் வரும்போது அதுவும் இருக்காது. நீங்கள் கேட்ட கேள்விதான் இருக்கும்.

அதற்கு முன் ஒரு தடவை கூப்பிடுங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம். இருமல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், போதும்.

நீங்கள் இருக்கும் இடத்தில் நல்ல காற்று வீசட்டும்.

பாப்பாவின் அம்மா