கருமுகக் கோட்டையாருக்கு, பொன்னிற அடையை உண்ணவேண்டா என்று விடுத்த திருமுகம்

ஓங்குக நீள்வயல் நாடு. ஆற்றையும் மலையையும் ஒரே குடைக்கீழ்க் காக்கும் மன்னர் மணிமுடி நெடுங்கோவின் ஆணைப்படி, ஏழ்படித்துறை அரண்மனை ஓலைநாயகம் இளவெயினன், மேற்குக் கணவாயின் கதவாய் நிற்பவரும் பகைவர் பலமுறை முட்டியும் அசையாத தோளருமாகிய கருமுகக் கோட்டைத் தலைவர் வில்லவதரையர் திருமுன் விடுக்கும் திருமுகம். கோட்டையின் மதிலும் கிணறும் அதனுள் உறையும் வீரர்தம் உடலும் நலமுடன் விளங்குக.

மற்றப் பட்டங்களைப் பிறகு எழுதுகிறோம், அரையரே. இப்போது நேரமில்லை. எங்கள் படகு ஆற்றுவாயிலில் இறக்கிய கூடைகளில் உள்ள பொன்னிற அடை எதையும் எவர் வாயிலும் வைக்க விடாதீர். இந்த வரியை உரக்க வாசித்துப் பண்டகசாலைக் காவலருக்குச் சொல்லிவிட்டு மேலே வாசியுங்கள்.

நீங்கள் என்ன நினைப்பீர் என்பதும் தெரியும். முற்றுகையில் பசித்துக் கிடக்கும் கோட்டைக்கு, வந்த உணவை உண்ணாதே என்று எழுதுவது பகைவன் செய்யும் வேலை. முத்திரையைத் திருடலாம், எழுத்தைப் போலி செய்யலாம். ஆகவே நடந்ததை நடந்தபடியும், பேசியவர் பேச்சை அவர் பேசியபடியும் எழுதுகிறோம். அழகுபடுத்தி எழுதினால் நீங்கள் சூது என்று எண்ணிவிடுவீரோ என்று அச்சமாக இருக்கிறது.

அரண்மனை அடைச்சாலையின் தலைவி அமரகோதையை நீங்கள் அறிவீர். சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை அரைத்து அவள் சுடும் மெல்லடை மன்னரின் இலையிலும் இடம்பெறும், மாட்டுவண்டிக்காரர் மடியிலும் இடம்பெறும். வழிநடைக்கு இருமுறை சுட்ட கருஞ்சோளப் படையடை, பருப்பு வைத்து மடித்த மடக்கடை, எண்ணெயில் பொரித்த முக்கோணச் சில்லு, மிளகாயும் பூண்டும் இடித்துச் சேர்த்த பூண்டடை, சோளமே சேராத கோதுமை அடை என்று அவள் கல்லில் வேகாதது இல்லை. ஒவ்வோர் அடையின் நடுவிலும் அவளது மும்மீன் முத்திரை பதிந்திருக்கும். முத்திரை பதிந்த பின் திரும்பி வந்த கூடை ஒன்றுகூட இல்லை என்று அவள் சந்தையில் நின்று சொல்லிக்கொள்வதுண்டு. அவள் அடக்கமானவள் என்று எவரும் சொன்னதில்லை.

கிளிஞ்சல்கரைச் சூளை பகைவர் கையில் வீழ்ந்ததும் சாலையில் சுண்ணாம்பு தீர்ந்தது. சுண்ணாம்பு இல்லையேல் சோளத்தின் தோல் கழலாது, மாவும் ஒட்டாது. அவள் அரண்மனைப் பண்டாரத்துக்கு ஆளனுப்பினாள். பண்டாரக் காவலர் சேந்தனார் வாய்கட்டிய சாடிகளை அனுப்பிவைத்தார். அந்தச் சுண்ணாம்பில் வெந்த சோளம் அரைபட்டபோது, மாவு அவள் வாழ்நாளில் கண்டிராத பொன்னிறம் கொண்டது. அடைச்சாலையாருக்கு மாவின் மஞ்சளே அளவுகோல். மஞ்சள் ஏறினால் சுண்ணாம்பு நன்றாகப் பிடித்திருக்கிறது என்பர். எனவே அமரகோதை அகமகிழ்ந்து, இன்னும் இரு சாடி உடைக்கச் சொன்னாள். படகு காத்திருந்ததால் வழக்கம்போல் பலமுறை அலசாமல் ஒருமுறை அலசியதே போதும் என்றும் சொன்னாள்.

மாவு பிசைந்த பெண்களுக்கும் மகிழ்ச்சிதான். அவர்களுள் நீலி என்பவள் முழங்கையை நீட்டிக் காட்டினாளாம்.

“நாச்சியாரே, இங்க பாருங்க. கையில இருந்த முடியெல்லாம் உதிர்ந்து வழுவழுன்னு ஆயிடுச்சு. இந்தச் சுண்ணாம்புல ஒரு கரண்டி வீட்டுக்குக் கொடுங்களேன்.”

“கொடுத்தா கை மினுக்கிக்கிட்டு அரண்மனை வாசல்ல போய் நிப்ப. மாவைப் பாருடி,” என்றாள் அமரகோதை. எல்லாரும் சிரித்தனர்.

ஒருவரும் சுவைத்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர். கோட்டை முற்றுகையில் இருக்கும் காலத்தில், கோட்டையார் உண்ணும்வரை சாலையில் எவர் பல்லிலும் அடை படலாகாது என்பது அவர்கள் நோன்பு. கல்லில் வெந்த முதல் அடையையும் அடுப்புக்கே இடுவர். உங்கள்மேல் உள்ள அன்பினால் ஒருவரும் வாயில் வைக்கவில்லை. அரையரே, அந்த அன்புதான் கூடைகளைப் படகில் ஏற்றியது.

படகு நேற்று முற்பகலில் புறப்பட்டது. இன்று காலை அடுத்த படகுக்காக அடுப்பு மூட்டினர். முதல் அடை நெருப்பில் விழுந்ததும் கல்லடியில் நின்ற சாத்தி முகம் சுளித்தாள்.

“எவடி பூண்டு மென்னுட்டு வந்து எம் மூஞ்சிக்கு நேரா ஊதுறது?”

“உம் புருஷன் வாய் வாசம் உம் மூக்குலயே ஒட்டிக்கிச்சு போல,” என்றாள் நீலி. “எம்மேல ஏன் பழி போடுற?”

“அந்த மனுஷன் பல்லு விளக்கியே ஒரு மாசம் ஆச்சு, அது வேற வாசம். இது பூண்டு. அடுப்புலேருந்து வருது.”

அமரகோதையும் சிரித்தபடிதான் அருகே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சாலையில் ஒரு பல் பூண்டுகூட இல்லை. இருந்ததையெல்லாம் நேற்றைய பூண்டடைக்கு இடித்தாயிற்று. நேற்றும் இந்த வாசம் எழுந்திருக்கும். பக்கத்துக் கல்லில் பூண்டடை வெந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் இன்னோர் அடையைப் பிய்த்து நெருப்பில் இட்டாள். மறுபடி அதே வாசம்.

“நீலி, உன் கையைக் காட்டு,” என்றாள். வழுவழுப்பாய் இருந்த தோல் இப்போது சிவந்து, அங்கங்கே புண்ணாகியிருந்தது. அமரகோதை கொல்லைப்புறம் போனாள். சோளம் அலசிய நீர் தேங்கிய குழியருகே காகங்கள் கிடந்தன. ஒன்று இன்னும் சிறகடித்துக்கொண்டிருந்தது.

அவள் தலைமுடி அவிழ்ந்தது அறியாமல் பண்டாரத்துக்கு ஓடினாள்.

“எந்தச் சுண்ணாம்புய்யா கொடுத்த?”

“சுண்ணாம்பு கேட்டீங்க, சுண்ணாம்பு கொடுத்தேன்,” என்றார் சேந்தனார். “போர்க்காலத்துல புதுசுக்கு எங்க போறது? சித்திர மண்டபத்துல மீந்த சாடி சும்மாதானே கிடந்துச்சு.”

சித்திர மண்டப ஓவியரை அழைத்துவந்தனர். அவர் சாடியைத் திறந்து பார்த்துவிட்டு, மன்னர் முன்னோரின் பொன்னாடைகளைத் தீட்ட அரிதாரம் என்னும் மஞ்சள் கல்லை அரைத்துக் கலந்து வைத்த சுண்ணாம்பு இது என்றும், இதைத் தொட்ட விரலைக் கழுவாமல் தம் மாணாக்கர் எவரும் உண்பதில்லை என்றும் தெரிவித்தார். அரிதாரம் நஞ்சு என்பதையும், தீயில் பட்டால் பூண்டு மணக்கும், சுண்ணாம்போடு சேர்ந்தால் தோலின் முடியை உதிர்க்கும் என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமரகோதை கேட்டது ஒன்றே: “இந்நேரம் பங்கு போட்டிருப்பாங்களா?”

மதில்மேல் நிற்கும் கடைசிக் காவலனும் இறங்கிவந்து வரிசையில் அமரும்வரை உணவைப் பங்கிடமாட்டீர் என்று உங்களைப்பற்றி வீரர் குறைபட்டுக்கொள்வதுண்டு. இன்று அந்தக் குறையைத்தான் நாங்கள் தெய்வமாகப் பற்றிக்கொண்டிருக்கிறோம்.

அவை கூடியபோது, படைமுதலி கணியனார் ஒரு யோசனை சொன்னார்.

“கோட்டைக்காரங்க கூடைகளை மதிலுக்கு வெளியே வெச்சுட்டு உள்ள வந்துரட்டும். எதிரியும் பசியிலதான் கிடக்கான். நாளைக்கு முற்றுகையே இருக்காது.”

அவையில் சிலர் தலையசைத்தனர். அமரகோதை எழுந்து நின்றாள்.

“என் கல்லுல சுட்டதுங்க அது. எவன் தின்னாலும் என் முத்திரையைக் கடிச்சுட்டுத்தான் சாவான். வேணாம்.”

“தோத்துட்டா உன் முத்திரையை எவம்மா பாக்கப்போறான்?” என்றார் கணியனார்.

“நான் பாப்பேங்க,” என்றாள் அவள். மன்னர், அவள் சொல்லே நிற்கட்டும் என்றார்.

ஆகவே மன்னர் ஆணை இது. கூடையின் கயிற்றையோ அடையாளத்தையோ நம்பவேண்டா. அவசரத்தில் கண்ட கூடையில் கண்டதை அடைத்திருக்கிறார்கள். அடையைக் கையிலெடுத்துப் பாருங்கள். கருஞ்சோளப் படையடை பழைய சுண்ணாம்பில் செய்தது. கோதுமை அடைக்குச் சுண்ணாம்பே கிடையாது. இவ்விரண்டையும், பொன்னிற அடையோடு உரசிக் கிடந்தவற்றை ஒதுக்கிவிட்டு, உண்ணலாம். மெல்லடை, மடக்கடை, முக்கோணச் சில்லு மூன்றும் நஞ்சு. ஐயமிருந்தால் ஒரு துண்டைத் தணலில் இட்டு, புகைக்கு விலகி நின்று, பூண்டு வாசம் வருகிறதா என்று பாருங்கள். பூண்டடையை மட்டும் அப்படிச் சோதிக்க முடியாது. வீரர் அதைத்தான் விரும்பிக் கேட்பர் என்பதும் அறிவோம். ஒன்று விடாமல் ஒதுக்குக. ஒதுக்கியவற்றை ஆற்றில் எறியாமலும், மதிலுக்கு வெளியே வீசாமலும், கிணற்றுக்கு எட்டாத இடத்தில் ஆழக்குழி தோண்டிப் புதைக்க. எவரேனும் உண்டிருந்தால் உடனே வாந்தி எடுக்கச் செய்து மருத்துவரிடம் ஒப்படைக்க. மீந்த உணவு போதாது. கோதுமை மட்டும் ஏற்றிய படகு நாளை புறப்படும்.

இன்னும் ஒன்று உண்டு, அரையரே. ஓடத்தில் இந்த ஓலையைக் கொண்டுவந்து உங்கள் முன் நிற்பவள் அமரகோதை. வேறு எவர் கொண்டுபோனாலும் நம்பமாட்டீர் என்று சொல்லி அவளே புறப்பட்டாள். நம்பாவிடில் என்ன செய்வாய் என்று மன்னர் கேட்டார். “அவங்க கண்ணு முன்னால நானே ஒண்ணைத் தின்னு காட்டுறேன். அப்புறமாவது நம்புவாங்க,” என்றாள். சொன்னதைச் செய்யக்கூடியவள் அவள்.

ஓலையை ஐயத்தோடு இரண்டாம்முறை வாசிக்காதீர். சான்றுக்கென்று அவளை எதுவும் கேட்காதீர். தலையை நிமிர்த்தி, அவள் கூடைகளுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறாள் என்று பார்த்து, முதலில் அவள் கையைப் பிடித்துக்கொள்க. இது மன்னர் ஆணை.

இவ்வண்ணம் ஏழ்படித்துறை அரண்மனையில் முத்திரையிட்டு, அரக்கு ஆறும் நேரம்கூடப் பொறுக்காமல் விடுத்தது. கோட்டை வாழ்க.